கட்டுச்சோறு

வழிப்பயணத்துக்குக் கட்டி எடுத்துப்போகும் உணவு கட்டுச்சோறு. கட்டுச்சாதம் என்றும் சொல்வோம். பொதிந்து கட்டுவதால் பொதிசோறு என்றும் பெயர். இதற்கு இன்னொரு பழைய சொல் ஆற்றுணா. இங்கே ஆறு என்பது நதியல்ல, வழி. உணா என்பது உணவு. பழமொழி நானூற்றில் இச்சொல் வருகிறது. கற்றவர்க்கு எல்லா நாடும் சொந்த நாடே, ஆகவே அவர்களுக்கு ஆற்றுணா வேண்டியதில்லை என்பது அப்பாடலின் கருத்து.

கோடை விடுமுறைக்கு ஆச்சி வீட்டுக்கு ரயிலேறிய பிள்ளைகளுக்குக் கட்டுச்சோறு என்றால் புளியோதரைதான். புளியும் நல்லெண்ணெயும் சேர்வதால் அது சீக்கிரம் ஊசிப்போகாது. வாட்டிய வாழையிலையில் மடித்து, மேலே செய்தித்தாள் சுற்றி, நூலால் கட்டுவார்கள். பொட்டலத்தைப் பிரித்ததும், எண்ணெயில் ஊறிய வேர்க்கடலைக்குத்தான் முதல் சண்டை.

பிள்ளைத்தாய்ச்சி மகளைத் தாய்வீட்டுக்கு அழைத்துப்போகும் சடங்குக்கும் சில பகுதிகளில் கட்டுச்சோறு என்றே பெயர். பெண் வீட்டார் பலவகைச் சோறு கிளறி எடுத்துப்போவார்கள்.

‘கட்டிக்கொடுத்த சோறும் சொல்லிக்கொடுத்த சொல்லும் எத்தனை நாளைக்கு?’ என்பது பழமொழி. புளியோதரையே ஆனாலும் மறுநாளைக்குள் சாப்பிட்டுவிடுங்கள்.