மூடிக்கு மேல் மூடி

1976இல் பெண்ணாடம் கடைத்தெருவில் ஒரு போட்டோ ஸ்டுடியோவில் எடுபிடியாகச் சேர்ந்தேன். வயது பதினான்கு. காலையில் கடை திறந்ததும் வாசல் தெளித்து, பின்னால் தொங்கும் தாஜ்மகால் திரையைத் தூசி தட்டி, ஸ்டாண்டில் நிற்கும் மரக் கேமராவின் லென்ஸ் மூடியைத் துடைக்க வேண்டும். மூடியை மட்டும்தான். லென்ஸில் விரல் பட்டால் முதலாளி ஸ்கேலை எடுத்துவிடுவார். பித்தளைக் குழாய்க்குத் தொப்பி போட்ட மாதிரி இருக்கும் அந்த மூடி. உள்ளே வெல்வெட், வெளியே தோல், கைபட்டுக் கைபட்டு விளிம்பெல்லாம் வழுவழுவென்று ஆகியிருந்தது.

ஆள் வந்து ஸ்டூலில் உட்கார்ந்ததும் முதலாளி கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு ஃபோகஸ் பார்ப்பார். வெளியே வந்து ஃபிலிம் வைத்த சட்டத்தைப் பின்னால் செருகுவார். "கண்ணச் சிமிட்டாதீங்க" என்று சொல்லிக்கொண்டே மூடியைக் கழற்றுவார். ஒண்ணு, ரெண்டு. மறுபடி மூடிவிடுவார். அவ்வளவுதான் போட்டோ. மழை மூட்டமான நாளில் எண்ணிக்கை நாலு, அஞ்சு வரைக்கும் போகும். அந்தக் கேமராவில் ஷட்டர் என்று தனியாக ஒன்று கிடையாது. லென்ஸைக் காப்பதும் அந்த மூடிதான், படம் எடுப்பதும் அந்த மூடிதான்.

இப்போது அதே தெருவில் என் மகன் செல்போன் கடை வைத்திருக்கிறான். மத்தியானத்தில் கல்லாவில் நான் உட்காருவேன். திரைக்கு டெம்பர் கிளாஸ் ஒட்ட வருகிறவர்கள், வேலை முடிந்ததும் போனைத் திருப்பிப் பிடித்து, "கேமராவுக்கும் ஒரு கிளாஸ் போட்டுடலாமா?" என்பார்கள். மகன் "கண்டிப்பா போடணும்" என்பான். நான் "எதுக்கு?" என்பேன். "அப்பா, நீங்க சும்மா இருங்க" என்று அவன் என்னைப் பார்ப்பான். நூற்றைம்பது ரூபாய் வியாபாரம். அவன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

என் பக்கத்து நியாயம் கொஞ்சம் பழையது.

மூடியைக் கழற்றி மாட்டும் பழக்கம் எங்கள் முதலாளி கண்டுபிடித்ததல்ல. லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரி 1858இல் தஞ்சாவூர்ப் பெரிய கோயிலின் அடிப்பகுதிக் கல்வெட்டை 21 துண்டுகளாகப் படமெடுத்து ஒரே நீளமாக ஒட்டினாரே, அவர் காலத்திலும் லென்ஸ் மூடியைக் கழற்றி, மனசுக்குள் எண்ணி, மாட்டுவதுதான் முறை. அதே காலத்தில் சென்னையில் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற டாக்டர் ஒரு கலைப்பள்ளி நடத்தினார். 1850இல் தொடங்கியது. இன்றைய கவின் கலைக் கல்லூரி அதுதான். ஒரு பக்கம் களிமண்ணைக் குழைத்து மண்பாண்டம், ஓடு; இன்னொரு பக்கம் போட்டோ. சூளையும் இருட்டறையும் ஒரே கூரைக்குக் கீழே இருந்திருக்கின்றன. விருத்தாசலத்துச் செராமிக் சூளைகளுக்குப் பக்கத்தில் போட்டோ பிடித்துப் பிழைத்த எனக்கு அதைப் படித்தபோது சொந்தக்காரர் ஒருவரைக் கண்டுபிடித்த மாதிரி இருந்தது.

எங்கள் முதலாளியின் லென்ஸில் ஒரு கீறல் உண்டு. நகம் அளவுக்கு நீளம், பிறைநிலா வடிவம். எப்போது விழுந்ததென்று அவருக்கே தெரியாது, வாங்கும்போதே இருந்ததாம். ஒருநாள் அவர் மெல்லிய பிரஷ்ஷில் கறுப்பு மையைத் தொட்டு அந்தக் கீறலுக்குள் தடவுவதைப் பார்த்தேன். லென்ஸுக்கு மை வைக்கிறாரே, போச்சு என்று நினைத்தேன். அவர் விளக்கினார்: கீறல் வெள்ளையாக இருந்தால் ஜன்னல் வெளிச்சத்தைப் பிடித்துச் சிதறடிக்கும், படம் முழுக்கப் பால் ஊற்றினாற்போல ஆகிவிடும். கறுப்பாக்கிவிட்டால் அது வெறும் நிழல். அவ்வளவு கிட்டத்தில் இருப்பது ஃபிலிமில் உருவமாக விழாது, வெளிச்சம் ஒரு இம்மி குறையும், அவ்வளவுதான். அந்தக் கீறல் லென்ஸ் எடுத்த பாஸ்போர்ட் சைஸ் படங்கள் இந்தப் பக்கத்தில் எத்தனை ரேஷன் கார்டில், எத்தனை ஹால் டிக்கெட்டில் ஒட்டியிருக்கின்றனவோ, ஒரு முகத்திலும் பிறைநிலா கிடையாது.

இந்த ஊருக்கும் கீறலுக்கும் ஒரு பழைய சம்பந்தமும் உண்டு. இங்கே தூங்கானை மாடம் சிவன் கோயிலில்தான் அப்பர், தன் உடம்பில் சூலமும் இடபமும் பொறிக்க வேண்டுமென்று கேட்டு வாங்கிக்கொண்டார். குறி வேண்டுமென்று வரம் கேட்ட ஊரில் நாங்கள் குறி விழக் கூடாதென்று கண்ணாடி விற்கிறோம்.

தனியாகத் தொழில் தொடங்கியபோது என்னிடம் இருந்தது பழைய யாஷிகா மேட். இரட்டை லென்ஸ், 120 ஃபிலிம், ரோலுக்குப் பன்னிரண்டு படம். 1989இல் கடன் வாங்கி பென்டாக்ஸ் கே1000 வாங்கினேன். விற்றவர் கையோடு ஒரு யூவி ஃபில்டரையும் தலையில் கட்டினார். 49 மில்லிமீட்டர், திருகி மாட்டுவது. "லென்ஸுக்கு இன்சூரன்ஸ் சார்" என்றார். அதற்கு முன் என்னை யாரும் சார் என்று கூப்பிட்டதில்லை. வாங்கிவிட்டேன்.

யூவி ஃபில்டர் காவலுக்காகப் பிறந்ததல்ல. கண்ணுக்குத் தெரியாத புறஊதா ஒளி ஃபிலிமில் பதியும். ஊட்டி மாதிரி உயரத்தில், தூரத்து மலையெல்லாம் நீலப் புகையாகிவிடும். அதை வடிகட்டத்தான் ஃபில்டர். பெண்ணாடத்தில் எங்கே மலை? வெள்ளாற்றங்கரைக்கும் கரும்புக் காட்டுக்கும் அது தேவையே இல்லை. ஆனாலும் தமிழ்நாட்டில் கல்யாண போட்டோ எடுத்தவர் அத்தனை பேர் லென்ஸிலும் அது இருந்தது. வந்த வேலை வேறு, பார்த்த வேலை வேறு. டிஜிட்டல் கேமரா வந்ததும் சென்சாருக்கு முன்னாலேயே வடிகட்டி வைத்துவிட்டார்கள். அப்போதும் ஃபில்டர் விற்பனை நிற்கவில்லை. காவல் என்ற பெயர் மட்டும் போதுமானதாக இருந்தது.

என் ஃபில்டரை நான் இரண்டு வருஷம் கழற்றவே இல்லை. நடுவில் ஒரு கல்யாணப் பந்தலில் கேமரா கீழே விழுந்து ஃபில்டரின் விளிம்பு நெளிந்தது. லென்ஸுக்கு ஒன்றும் ஆகவில்லை. அன்றைக்கு விற்றவரை வாழ்த்தினேன். ஆனால் நெளிந்த விளிம்பு இறுகிக்கொண்டது, திருகினால் வரவில்லை. படம்தான் வருகிறதே என்று விட்டுவிட்டேன். ஐப்பசி, கார்த்திகை இரண்டு அடைமழை போயிற்று. மூன்றாவது வருஷம் முகங்கள் சோப்புத் தண்ணீருக்குள் இருந்து பார்ப்பது மாதிரி வர ஆரம்பித்தன. கட்டிங் பிளேயரால் வளையத்தை நறுக்கி எடுத்துப் பார்த்தால், ஃபில்டருக்கும் லென்ஸுக்கும் நடுவே பூஞ்சை, சிலந்தி வலை மாதிரி, நடுவில் ஒரு புள்ளியிலிருந்து நாலா பக்கமும் முடிமுடியாகப் படர்ந்திருந்தது. உள்ளே போன ஈரம் வெளியே வர வழியில்லை. பூஞ்சை லென்ஸின் மேல்பூச்சைத் தின்றுவிட்டது. காவலுக்கு வைத்த கண்ணாடிக்குக் கீழேதான் அது வளர்ந்தது.

அதன் பிறகு மரப்பெட்டி ஒன்றில் ஜீரோ வாட் பல்பைப் போட்டு, மழைக்காலம் முழுக்கக் கேமராவை அதற்குள் வைப்பேன். வீட்டில் கோழிக்குஞ்சு பொரிக்கிறாயா என்று கேட்பார்கள்.

இன்னொரு கணக்கு இருக்கிறது, இதுதான் எனக்கு முக்கியம். பூச்சில்லாத கண்ணாடி எதுவானாலும் ஒவ்வொரு முகத்திலும் விழும் வெளிச்சத்தில் சுமார் 4 விழுக்காட்டைத் திருப்பி அனுப்பிவிடும். முன்முகம், பின்முகம் சேர்ந்தால் 8. லென்ஸுக்குப் பூச்சு போடும் வித்தை 1935இல் ஜெர்மனியின் சைஸ் நிறுவனத்தில் அலெக்சாண்டர் ஸ்மகுலா கையால் வந்ததே இந்த நஷ்டத்தைக் குறைக்கத்தான். வெளிச்சம் குறைவதாவது பரவாயில்லை. திருப்பி அனுப்பியது எங்கே போகிறது? அதில் ஒரு பங்கு உள்ளுக்குள்ளேயே இங்கும் அங்கும் மோதிப் படத்தில் வந்து உட்காருகிறது.

எங்கள் தூங்கானை மாடத்துச் சுவாமிக்குச் சுடர்க்கொழுந்தீசர் என்றும் ஒரு பெயர். போன வருஷம் சுவாமி புறப்பாட்டின்போது தெருவில் எடுத்த படத்தைப் பக்கத்துத் தெரு அம்மா ஒருவர் கொண்டுவந்து காட்டினார். கற்பூரத் தட்டு கீழே வலது ஓரத்தில். இடது மேல் மூலையில், கறுத்த வானத்தில், பச்சை நிறத்தில் இன்னொரு சுடர், தலைகீழாக. "பாருங்கண்ணா, மேலேருந்து இறங்குது" என்றார். அவர் கண்ணில் தண்ணீர். நான் ஒன்றும் சொல்லவில்லை, கும்பிட்டுக் கொடுத்துவிட்டேன். படத்தின் நடுவில் ஒரு புள்ளி வைத்து, உண்மைச் சுடரிலிருந்து அந்தப் புள்ளி வழியாகக் கோடு இழுத்தால், அதே தூரத்தில் எதிர்ப்பக்கம் பொய்ச்சுடர் நிற்கும். குத்துவிளக்கு வைத்த கல்யாணங்களில் என் ஃபில்டர் செய்த அதே சேட்டை. ஒன்றும் ஒட்டாத போனிலேயே இது சில சமயம் வரும். பூச்சில்லாத கண்ணாடி ஒன்றை மேலே ஒட்டினால் இன்னும் துணிச்சலாக வரும். ஃப்ளாஷையும் சேர்த்து மூடும் மாதிரியில் ஒட்டினால், ஃப்ளாஷ் வெளிச்சம் கண்ணாடிக்குள்ளேயே பக்கவாட்டில் ஓடி லென்ஸில் விழுந்து, படம் வெளுத்துப்போகும்.

செல்போன்காரர்களும் ஆரம்பத்தில் மூடிதான் வைத்தார்கள். 2006இல் வந்த நோக்கியா என்73 ஞாபகம் இருக்கிறதா? முதுகில் இழுத்துத் திறக்கும் கதவு. திறந்ததும் கேமரா தானாகத் தயாராகிவிடும். முதல்முறை கையில் வாங்கியபோது எங்கள் முதலாளியின் தோல் மூடிதான் ஞாபகம் வந்தது. மூடி திறந்தால் படம்! போனை மெல்லிசாக்கும் பந்தயத்தில் அந்தக் கதவு போயிற்று. 2014இல் ஐபோன் 6 வந்தபோது உடம்பு மெலிந்து லென்ஸ் மட்டும் வெளியே துருத்தியது. மேசையில் வைத்தால் முதலில் பலகையைத் தொடுவது அதுதான் என்றானபோது பயம் வந்தது, பயத்துக்குப் பின்னாலேயே ஒட்டுக் கண்ணாடி வந்தது.

நாம் லென்ஸ் என்று தொட்டுக் காட்டுவது லென்ஸ் அல்ல, அது ஏற்கெனவே ஒரு மூடி. அசல் லென்ஸ் அதற்குக் கீழே இருக்கிறது. 2012இல் ஐபோன் 5இல் அந்த மூடியை நீலக்கல் படிகத்தில் செய்தார்கள். 2021இல் கார்னிங் நிறுவனம் கேமராவுக்கென்றே ஒரு கண்ணாடியைக் கொண்டுவந்து, 98 விழுக்காடு ஒளியை உள்ளே விடும் என்றது. அவ்வளவு பாடுபட்டு மிச்சம் பிடித்ததை நாம் நூற்றைம்பது ரூபாய் கொடுத்துத் தொலைக்கிறோம். அந்த மேல்மூடி உடைந்தால் மாற்றுவதற்கு, பெரும்பாலான போன்களுக்கு, எங்கள் கடையில் சில நூறு ரூபாய்தான். பென்டாக்ஸ் லென்ஸ் போனபோது எனக்கு ஒரு கல்யாண சீசன் வருமானம் போயிற்று. அப்போது பயந்ததில் அர்த்தம் உண்டு.

பயப்பட வேண்டியது எதற்கு என்பதுதான் பலருக்குத் தெரிவதில்லை. சட்டைப்பையில் சாவி இருக்கிறதே, சில்லறை இருக்கிறதே என்பார்கள். மோஸ் என்ற ஜெர்மானியர் 1812இல் போட்ட கடினத்தன்மை அளவில் கண்ணாடி ஐந்தரை, குவார்ட்ஸ் ஏழு, நீலக்கல் ஒன்பது. பித்தளைச் சாவி கண்ணாடியை ஒன்றும் செய்யாது. மணல் செய்யும், மணல் பெரும்பாலும் குவார்ட்ஸ். போனைச் சட்டை நுனியால் அழுத்தித் துடைக்கிறோமே, அந்த ஒரு துடைப்பில் வெள்ளாற்று மணல் துகள் ஒன்று சிக்கினால் போதும்.

கண்ணாடிப் பூச்சைப் பற்றி விருத்தாசலத்துக்காரர்களுக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. கொலு பொம்மை, அகல், மின்சார ஃப்யூஸ் கட்டை எதுவானாலும் களிமண்ணும் குவார்ட்ஸும் ஃபெல்ட்ஸ்பாரும் சேர்ந்த உடம்பு. பளபளப்பு வேண்டியதற்கு மேலே கிளேஸ். கிளேஸ் என்பது கண்ணாடிதான். உடம்பைவிட கிளேஸ் குளிரும்போது அதிகமாகச் சுருங்கினால் மயிர்வெடிப்பு விடும். கொஞ்சம் குறைவாகச் சுருங்கினால் இறுக்கத்தில் நின்று பண்டம் இன்னும் உறுதியாகும். போன் கண்ணாடியிலும் அந்த இறுக்கத்தைத்தான் வேறு வழியில் கொண்டுவருகிறார்கள்: உருகிய பொட்டாசியம் உப்பில் முக்கி, சின்ன சோடியத்தை வெளியேற்றி, அந்த இடத்தில் பெரிய பொட்டாசியத்தை நெருக்கி உட்கார வைக்கிறார்கள். 1953இல் அதே கார்னிங்கில் டொனால்ட் ஸ்டூக்கி ஒரு கண்ணாடித் துண்டை 600 டிகிரியில் சூடாக்க வைக்க, உலை கெட்டு 900க்குப் போய்விட்டது. உருகி ஓடியிருக்கும் என்று திறந்தால் வெள்ளையாக, தட்டையாக, அப்படியே கிடந்தது. இடுக்கியிலிருந்து நழுவித் தரையில் விழுந்து கணீரென்றது, உடையவில்லை. கண்ணாடிச் செராமிக் பிறந்தது அப்படி. அவர் சூடாக்கியது போட்டோ பதியும் கண்ணாடி! சூளை மீறியதால் ஒரு லோடு பொம்மை வீணாகி நொந்துபோன எங்கள் பக்கத்துச் சூளைக்காரர்களிடம் இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். "எங்களுக்கு மட்டும் ஏன் அப்படி நடக்க மாட்டேங்குது?"

போன மாதம் விருத்தாசலம் செராமிக் பட்டறையில் வேலை பார்க்கும் பெண் ஒருத்தி வந்தாள். அரவை மில்லில் குவார்ட்ஸ் மாவு கொட்டுகிற வேலை. போனை நீட்டினாள். ஓரமெல்லாம் வெள்ளை மாவு. கேமரா மேல்கண்ணாடி உரசி உரசிப் பனிக்காலத்து ஜன்னல் மாதிரி ஆகியிருந்தது.

"அண்ணா, இத மாத்திட்டு மேல ஒரு கிளாஸும் ஒட்டிக் குடுங்க."

மகன் என்னைப் பார்த்தான். நான் வாயைத் திறக்கவில்லை. மாற்றினான், ஒட்டினான். பிறகு நான் அவளிடம், மாசம் ஒருதடவை இங்கே வந்து உரித்துத் துடைத்து வேறு ஒட்டிக்கொள், அதே கண்ணாடியை ரெண்டு வருஷம் வைத்திருக்காதே என்றேன். மூக்குக்குத் துணி கட்டுகிறாயா என்றும் கேட்டேன். அந்த மாவு போனுக்கு மட்டும் ஆகாதது இல்லையே. "கட்டுறேண்ணா, எப்பவாச்சும்" என்றாள்.

"அப்ப உங்க போன்ல ஒட்டலியா?" என்று கல்லாவில் கிடந்த என் போனைப் பார்த்தாள்.

எடுத்துக் காட்டினேன். ஒரு கீறல் இருக்கிறது, தை மாதத்தில் வெள்ளாற்றில் விழுந்தது. சின்னஞ்சிறு லென்ஸ், அதனால் மரக் கேமராவின் பிறைநிலா மாதிரி அது முழுசாக ஒளிந்துகொள்வதில்லை. எதிர்வெயிலில் லேசாகப் பால் தட்டுகிறது. மகன் மாற்றித் தருகிறேன் என்று தினமும் சொல்கிறான். ரீடச்சிங் பிரஷ் இன்னும் மேசை டிராயரில்தான் இருக்கிறது. மை புட்டி காய்ந்துவிட்டது, விருத்தாசலம் போகும்போது ஒன்று வாங்க வேண்டும்.