வாக்குச்சாவடிக் கிராணிக்குச் சம்பளம் கொடுத்தது யார்?



தேர்தல் நாளன்று பள்ளிக்கூடத்தில் பெயர்ப் பட்டியலைப் பார்த்து, வாக்குச்சீட்டைக் கிழித்துக் கொடுப்பவரைக் கண்டிருப்பீர்கள். நானும் அந்த நாற்காலியில் விடியற்காலையிலேயே போய் உட்கார்ந்தவன்தான். அதற்குரிய படியைத் தேர்தல் ஆணையம் கொடுக்கிறது. இதில் என்ன அதிசயம் என்பீர்கள். நம் தேர்தல் முறைக்குத் தாய்வீடான பிரிட்டனில் அக்காலக் கதை வேறு.

1832-ஆம் ஆண்டுச் சீர்திருத்தச் சட்டப்படி, வாக்குகளைப் பதியும் கிராணிக்கு நாளொன்றுக்கு 1 கினி, அதாவது 21 ஷில்லிங். வயலில் உழைத்தவனுக்கு அப்போது வாரக்கூலியே சுமார் 10 ஷில்லிங்தான்! இந்தத் தாராளச் சம்பளத்தைக் கொடுத்தது அரசாங்கமன்று, போட்டியிட்ட வேட்பாளர்கள். சாவடி போடும் செலவும் அவர்கள் தலையில்தான். கூலிக்காரன் எப்படித் தேர்தலில் நிற்பான்?

வாக்கு இரகசியமும் 1872 வரை கிடையாது. வாக்காளர் வாய்விட்டுச் சொல்ல, கிராணி ஏட்டில் எழுதிக்கொள்வார். அந்த ஏடு அச்சாகி விற்பனைக்கும் வந்ததுண்டு. முதலாளி வாங்கிப் பார்த்தால் போதும்.

பத்து வயதில் நிலக்கரிச் சுரங்கத்தில் இறங்கிய தாமஸ் பர்ட், 1874-இல் நாடாளுமன்றம் சென்றார். உறுப்பினருக்கு அப்போது சம்பளமில்லை. சுரங்கத் தொழிலாளர் சங்கமே அவருக்குப் படியளந்தது. ஆண்டுக்கு 400 பவுன் என்று அரசு கொடுக்கத் தொடங்கியது 1911-இல்தான்.

சாவடிச் செலவும் கிராணி சம்பளமும் 1918-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அரசின் பொறுப்பாயின. ஆனால் அதே சட்டம் வேட்பாளரிடம் 150 பவுன் வைப்புத்தொகை கேட்டது. எட்டில் ஒரு பங்கு வாக்குக்கூடப் பெறாதவருக்கு அது திரும்பாது. அந்த எட்டில் ஒரு பங்குக் கணக்கு நம் மலேசியச் சட்டத்திலும் இருக்கிறது.