காந்தத் தூண்டல் குறுக்குவெட்டுப் படமுறையின் வரலாறு

காந்தத் தூண்டல் குறுக்குவெட்டுப் படமுறை என்பது, கம்பிச்சுருள்களின் மாறும் காந்தப்புலத்தால், உடலைத் தொடாமலே திசுக்களில் சுழல் மின்னோட்டத்தைத் தூண்டி, அவற்றின் மின்கடத்துதிறனைப் படமாக்கும் முறையாகும்.

இதன் முன்னோடி முயற்சி ஒன்று 1881இல் நடந்தது. சுடப்பட்ட அமெரிக்கக் குடியரசுத் தலைவர் சேம்சு கார்ஃபீல்டின் உடலில் புதைந்த குண்டைத் தேட, அலெக்சாண்டர் கிரகாம் பெல் தூண்டல் சமனி ஒன்றைக் கொண்டுவந்தார். மெத்தையின் எஃகுக் கம்பிகள் குறுக்கிட்டன. போதாக்குறைக்கு, மருத்துவர் வலப்பக்கத்தை மட்டுமே தேட விட்டார். குண்டு இருந்ததோ இடப்பக்கம். கார்ஃபீல்டு செப்டம்பர் 19 அன்று இறந்தார்.

உலோகத்தைப் பொறுத்தவரை இந்நுட்பம் பின்னர் வென்றது. கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில், அதிவேக ஈனுலையின் நீராவி ஆக்கிக் குழாய்களைச் சோதிக்கச் சுழல் மின்னோட்ட முறை உருவாக்கப்பட்டது. திசுவின் நிலை வேறு. செம்பின் கடத்துதிறன் மீட்டருக்கு ஏறத்தாழ 5.8 கோடி சீமென்சு. திசுக்களில் பெரும்பாலானவற்றுக்கு அது 1 சீமென்சுக்கும் குறைவு. எனவே திசு தரும் சிறு குறிகை, தூண்டும் சுருளின் புலத்தில் மூழ்கிவிடுகிறது.

1968இல் டார்சனும் மெக்ஃபீயும் மின்முனைகள் இன்றி உடற்பகுதி, தலை ஆகியவற்றின் மின்தடைத்திறனை அளந்தனர், அது படமன்று. 1993இல் அல்-சைபக், சாண்டர்சு ஆகியோர் உயிருடலைப் படமெடுக்கும் சாத்தியத்தை ஆராய்ந்தனர். 1999இல் கிரிஃபித்சு குழுவினர் 10 மெகா எர்ட்சில் இயங்கும் அளவீட்டுக் கருவியை வெளியிட்டனர்.

மின்முனை வழியே செலுத்தும் மின்னோட்டத்தை மண்டையோடு பெரிதும் தடுக்கிறது, காந்தப்புலத்தைத் தடுப்பதில்லை. மூளை இரத்தக்கசிவைக் கட்டிலருகிலேயே கண்டறியலாம் என்ற எதிர்பார்ப்பு இதனால் எழுந்தது. ஆயினும் இம்முறை ஆய்வகத்தைத் தாண்டி வழக்கமான மருத்துவமனைக் கருவியாக இன்னும் மாறவில்லை.