மூடிய பெட்டியும் திருப்புளியும்: சிடி பிளேயரை மாற்றியமைத்தவர்களின் வரலாறு பற்றிச் சில குறிப்புகள்

ஒரு தோல்வியிலிருந்து தொடங்குகிறேன். சில வருஷங்களுக்கு முன்னால், செகண்ட் ஹாண்டில் வாங்கிய உயர்விலை சிடி பிளேயர் ஒன்றைத் திறந்து, ஒலியைப் பெருக்கி வெளியே அனுப்பும் ஆப்-ஆம்ப் ஐசிகளைப் பிடுங்கிவிட்டு, வெளிநாட்டிலிருந்து வரவழைத்த வேறு ஐசிகளைப் பொருத்தினேன். கண்டென்சர்கள் சிலவற்றையும் மாற்றினேன். அன்று ராத்திரி கேட்டபோது திரை விலகின மாதிரி இருந்தது. வந்த நண்பர்களிடமெல்லாம் சொன்னேன். அவர்களும் ‘ஆமாமா’ என்றார்கள்.

ஒருத்தர் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. அவரிடம் அதே மாடல், திறக்கப்படாதது, இருந்தது. ‘ரெண்டையும் பக்கத்துல வைப்போம். மீட்டர் வச்சு சத்தத்தைச் சமமாக்குவோம். எது ஓடுதுன்னு தெரியாம நீ சொல்லு, பார்ப்போம்’ என்றார். போர்வையால் மூடி, காசு சுண்டிப் போட்டு, 20 தடவை. நான் சரியாகச் சொன்னது 11. காசையே கேட்டிருந்தாலும் 10 வந்திருக்கும்.

அன்றிலிருந்து ஒரு கேள்வி என்னைக் குடைந்துகொண்டிருக்கிறது. இல்லாததைத்தான் கேட்டேன் என்றால், பெட்டியைத் திறந்ததும் வீண்தானா? காதைப் பற்றியது போலத் தோன்றும் இந்தக் கேள்வி உண்மையில் அதிகாரம் பற்றியது. ஒரு பொருள் முழுமையடைந்துவிட்டது என்று அறிவிக்கும் உரிமை யாருக்கு? செய்தவருக்கா, வைத்துப் புழங்குகிறவருக்கா?

1979 மார்ச் 8 அன்று நெதர்லாந்தின் ஐந்தோவன் நகரில் பிலிப்ஸ் நிறுவனம் தன் ஒளித்தட்டைப் பத்திரிகையாளர்களுக்குப் போட்டுக் காட்டியது. அடுத்த ஆண்டு சோனியுடன் சேர்ந்து தர அளவு வகுக்கப்பட்டது: ஒலியை நொடிக்கு 44,100 தடவை அளந்து, ஒவ்வொரு அளவையும் 16 பிட் எண்ணாக எழுதுவது. 1982 அக்டோபர் 1 அன்று ஜப்பானில் சோனியின் சிடிபி-101 விற்பனைக்கு வந்தது. விலை 1,68,000 யென். ‘என்றென்றைக்கும் குறையற்ற ஒலி’ என்பது விளம்பர வாசகம். இதை ஒரு பிரதியாக வாசித்துப் பாருங்கள். இனி திருத்த ஏதுமில்லை, கேட்பவர் செய்ய வேண்டியதும் ஏதுமில்லை என்கிறது. இசைத்தட்டுக்காரர் ஊசியை மாற்றுவார், அதன் கையில் எடையைக் கூட்டிக் குறைப்பார். சிடி பிளேயர்காரருக்கு விடப்பட்டதோ தட்டை வைப்பதும் பொத்தானை அமுக்குவதும் மட்டுமே.

ஆனால் செய்தவர்களுக்கே அது முடிந்த காரியமாக இல்லை. பிலிப்ஸின் முதல் பிளேயர்களில் இருந்த டிடிஏ1540 ஐசி வெறும் 14 பிட். 16 பிட் தட்டை அதில் ஓட்டுவதற்காக வேகத்தை நான்கு மடங்காக்கி, 1,76,400 தடவை என்று வைத்து, பிழையைக் காதுக்கு எட்டாத இடத்துக்குத் தள்ளிவிட்டார்கள். அபாரமான மூளை வேலை. அதே சமயம் ‘குறையற்றது’ என்பது ஒரு சமரசத்தின் பெயர் என்பதற்குச் சாட்சியும் அதுதான். எண்கள் மின்னோட்டமாக மாறிய பிறகு வருவதெல்லாம் பழைய மின்னணுவியல்: ஆப்-ஆம்ப், கண்டென்சர், பவர் சப்ளை. மாற்றுகிறவர்கள் நுழைந்தது இந்த வாசல் வழியாகத்தான்.

இங்கிலாந்தின் மெரிடியன், பிலிப்ஸ் பிளேயரையே எடுத்து உள்ளே மாற்றங்கள் செய்து, எம்சிடி என்ற பெயரில் 80களின் முதற்பாதியிலேயே விற்றது. அமெரிக்காவில் கதை வேறு. அங்கே எட்வர்ட் டெல் 1970இல் தொடங்கிய ‘தி ஆடியோ அமெச்சூர்’ என்ற பத்திரிகை இருந்தது. ஒரு வகையில் அதுவும் சிற்றிதழ்தான். சால்டரிங் அயர்னைக் கையில் பிடித்தவர்களே எழுதி, அவர்களே வாசித்தது. கண்டென்சர்களைத் தேர்ந்தெடுப்பது பற்றி ரிச்சர்ட் மார்ஷுடன் சேர்ந்து 1980இல் ‘ஆடியோ’ இதழில் எழுதிய வால்ட் ஜங் என்ற பொறியாளர், பிறகு டெல்லின் பத்திரிகையில், அமெரிக்காவில் மாக்னவாக்ஸ் என்ற பெயரில் விற்ற பிலிப்ஸ் பிளேயர்களை மாற்றும் முறைகளை விளக்கினார். ‘பூஜ்’ என்பது அந்த முறைக்கு வைத்த சுருக்கப் பெயர். சாதாரணக் கருவியைப் படிப்படியாகச் செம்மையாக்குதல் என்று பொருள். நம் காதில் பூசை என்று விழுவது தற்செயல்தான். எந்த உறுப்பை எடுப்பது, எதைப் போடுவது, ஏன் என்று பக்கம் பக்கமாக எழுதினார்கள். ரகசியம் ஏதுமில்லை. நிறுவனம் மூடிய பெட்டியை இவர்கள் வாசிக்கத்தக்க பிரதியாக்கினார்கள்.

எந்த எதிர்ப்பையும் சந்தை தின்று செரித்துவிடும் என்பதற்கு இங்கும் விதிவிலக்கு இல்லை. 1980இல் பிலிப்ஸ் வசமான மராண்ட்ஸ் நிறுவனத்தில், ஜப்பானில் பிறந்து ஐரோப்பாவில் வேலை பார்த்த கென் இஷிவாதா (2019இல் காலமானார்) பிளேயர்களைத் தன் கைப்பட மெருகேற்றினார். 90களின் நடுவில் சிடி-63 என்ற மாடல், செம்பு பூசிய அடித்தகடும் வளைய வடிவ டிரான்ஸ்ஃபார்மருமாக, அவருடைய கையெழுத்தோடு வந்தது. இயந்திர மறுஉற்பத்தியில் கலைப்பொருளின் ஒளிவட்டம் மங்கிப்போகும் என்றார் வால்டர் பெஞ்சமின். இங்கே ஒளிவட்டமே தொழிற்சாலையில் தயாராகிறது. பிலிப்ஸின் டிடிஏ1541ஏ ஐசிகளில் அளந்து பொறுக்கியெடுத்தவற்றின் முதுகில் கிரீடம் அச்சிட்டார்கள். முதலில் அது அளவீட்டின் அடையாளம். உற்பத்தி நின்றதும் விலையின் அடையாளமானது. இன்று சாதாரண ஐசியின் முதுகைச் சுரண்டிக் கிரீடம் குத்தி விற்கிறார்கள். பண்ட மாய்மைக்கு மார்க்ஸைப் புரட்ட வேண்டாம், இந்த ஐசி போதும்.

2010இல் இன்னொன்று அம்பலமானது. லெக்சிகன் பிடி-30 என்ற 3,500 டாலர் ப்ளூ-ரே பிளேயரைத் திறந்து பார்த்தால், உள்ளே 500 டாலர் ஓப்போ பிடிபி-83 அடித்தகடோடு அப்படியே உட்கார்ந்திருந்தது. திருப்புளி பிடித்த ஒருவர் இல்லாவிட்டால் இது வெளியே வந்திருக்காது.

ஆனால் திருப்புளிக்காரர்களும் ஒரு மதத்தைக் கட்டிவிட்டார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். ‘உனக்குக் கேக்கலியா? அப்ப உன் காது சரியில்ல’ என்பது அதன் வேதவாக்கு. ரசனையின் பேரால் ஆளைப் பிரிக்கிற இந்த வேலை சபா வாசலில் நமக்குப் பழக்கமானதுதான். 2007இல் மேயரும் மோரனும் பாஸ்டனில் நடத்திய சோதனைகளை வெளியிட்டார்கள். சிடியைவிட உயர்தரமானதாகச் சொல்லப்பட்ட தட்டுகளின் ஒலியை நேரடியாக ஒருமுறை, சிடி தரத்துக்குக் குறைத்து ஒருமுறை என்று மறைத்துக் கேட்கவைத்தார்கள். 554 முயற்சிகளில் சரியான விடை 276. பாதிகூட இல்லை. ஒலியை அளவுக்கு மீறிக் கூட்டி, இசை இல்லாத இடத்தில் கேட்டபோதுதான் இரைச்சலில் வித்தியாசம் தெரிந்தது. என் 11ஐ நினைத்துக்கொண்டேன்.

அப்படியானால் திறந்தது வீணா? சந்தேகப்பட்ட அதே நண்பர் போன வருஷம் தன் பிளேயரோடு வந்தார். பாட்டுக்குப் பின்னால் ‘உம்ம்’ என்று ஒரு இரைச்சல். சர்வீஸ் சென்டரில் ‘பார்ட்ஸ் வர்றதில்ல, புதுசு வாங்கிடுங்க’ என்று அனுப்பிவிட்டார்கள். போர்டைத் தூக்கிக்கொண்டு ரிச்சி தெருவுக்குப் போனோம். வயசான மெக்கானிக் ஒருவர் மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு, ‘கண்டென்சர் காஞ்சு போச்சு சார். உள்ள இருக்கிற தண்ணி சூட்டுல வத்திப்போகும். இதுல மாயமும் இல்ல, மந்திரமும் இல்ல’ என்றார். வெப்பம் 10 டிகிரி குறைந்தால் ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது தொழிலில் உள்ள கணக்கு. 105 டிகிரி தாங்குகிறதாக வாங்கச் சொன்னார். விலை, நான் ஐசிக்குக் கொடுத்ததில் ஒரு சிறு பங்கு. எந்தக் கண்டென்சர் எங்கே என்று எங்களுக்குக் காட்டியது, யாரோ மாற்றுகிறவர்கள் வரைந்து வைத்திருந்த படம்.

இரண்டு வகை அறிவு இங்கே கலந்துகிடக்கிறது. ஒன்று, சோதனைக்கு நிற்காத நம்பிக்கை, அது போகட்டும். மற்றொன்று, பெட்டிக்குள் என்ன இருக்கிறது, எது எதனால் கெடும், எப்படிச் சீர்செய்வது என்ற கையறிவு. ‘பூஜ்’காரர்கள் விட்டுப்போன சொத்து இதுதான். அதை அவர்களே காதின் பெருமையாகத் தப்பாகப் புரிந்துகொண்டார்கள். சர்க்யூட் படமும் உதிரிப் பாகமும் கொடு என்று கேட்கிற ரிப்பேர் உரிமை இயக்கம் இன்று அந்தச் சொத்தைத்தான் கோருகிறது. இதற்காக இந்திய அரசு 2022 ஜூலையில் ஒரு குழு அமைத்தது. 2024இல் ஐரோப்பிய ஒன்றியம் சட்டமே கொண்டுவந்தது. கேட்காமல் கிடைத்தவை அல்ல இவை.

நண்பரின் பிளேயர் இப்போது இரைச்சலில்லாமல் ஓடுகிறது. இதைத் தெரிந்துகொள்ளப் போர்வையும் வேண்டியிருக்கவில்லை, காசும் வேண்டியிருக்கவில்லை. அவருக்கும் கேட்டது, எனக்கும் கேட்டது, காப்பி கொண்டுவந்த அவர் அம்மாவுக்கும் கேட்டது.