ஆட்ரி: ஒரு பெயர் பட்ட பாடு

'ஆட்ரி' என்னும் ஆங்கிலப் பெண்பெயரின் மூலவடிவம் 'எத்தல்திரித்'. 'மேன்மைமிகு வலிமை' என்பது அதன் பொருள். இப்பெயருடைய நார்தம்பிரிய அரசி ஒருவர் அரியணை துறந்து, கி.பி. 673இல் ஈலி என்னுமிடத்தில் துறவு மடம் நிறுவினார். 679இல் கழுத்தில் கட்டி கண்டு இறந்தார். இளமையில் ஆரங்களை வீணே சுமந்தமைக்கு இதுவே கழுவாய் என அவர் மகிழ்ந்தேற்றதாக வரலாற்றாசிரியர் புனித பீட் எழுதியுள்ளார்.

பிற்காலத்தில் இப்புனிதையின் திருவிழாச் சந்தையில் கழுத்தில் அணியும் பட்டிழைகள் 'செயின்ட் ஆட்ரி' பெயரால் விற்கப்பட்டன. அவை தரம் தாழவே, 'செயின்ட் ஆட்ரி' என்பது 'டாட்ரி' எனத் திரிந்து, போலிப் பகட்டைக் குறிக்கும் சொல்லாயிற்று. அணிகளைத் துறந்தவரின் பெயர் மலிவான அணிக்குப் பெயரானது!

நாமும் பிள்ளைகளுக்குப் புனிதர் பெயர்களைச் சூட்டுகிறோம். பெயருக்குரிய வாழ்வையும் சொல்லித் தருகிறோமா?