கறிவேப்பிலையும் தரங்கம்பாடி வைத்தியரும்



இன்று மதியம் நீங்கள் உணவருந்தி எழுந்தபோது, தட்டின் ஓரத்தில் நான்கைந்து கறிவேப்பிலைகள் ஒதுங்கிக் கிடந்திருக்கும். மணத்துக்காகச் சேர்க்கிறோம், மணம் இறங்கியபின் ஒதுக்கிவிடுகிறோம். பயன்படுத்திக்கொண்டு மறந்துபோனவர்களைக் குறித்து மனம் நொந்து பேசும்போதும், 'கறிவேப்பிலையைப்போல எடுத்து எறிந்துவிட்டார்கள்' என்றே சொல்லுகிறோம். அந்த இலையின் அறிவியல் பெயருக்குள், நம் தமிழ்க் கடற்கரையில் ஒரு மிஷனுக்கு வைத்தியராக வந்த மனிதரின் பெயர் இருக்கிறது என்பதை நீங்கள் அறிவீர்களா? தாவர நூல்கள் அதனை 'முர்ராயா கோனிகி' என்று அழைக்கின்றன. இரண்டாவது சொல்லுக்கு உரியவர் யோஹான் ஜெரார்ட் கோனிக். இந்த வாரம் அவரையும், அவரிடம் செடிகளைக் கற்ற ஒரு போதகரையும், பெயரே எழுதப்படாமற்போன வேறு சிலரையும் நினைவுகூருவோம்.

தரங்கம்பாடியின் ஊழிய வரலாற்றை நாம் பெரும்பாலும் 1706ஆம் ஆண்டில் தொடங்குகிறோம். அவ்வாண்டில்தான் சீகன்பால்கும் புளுட்சோவும் அக்கரையில் வந்திறங்கினார்கள். அச்சுக்கூடம், புதிய ஏற்பாடு, புதிய எருசலேம் ஆலயம் ஆகியவற்றைக் குறித்து நம் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுத்திருக்கிறோம். அறுபது ஆண்டுகளுக்குப் பின், அதே மண்ணில் தொடங்கிய இன்னொரு வேலையைக் குறித்து நாம் அதிகம் பேசுவதில்லை.

கோனிக் 1728இல் பால்டிக் கடலோரத்து நாடான லிவோனியாவில் பிறந்தவர். சுவீடனில், தாவரங்களுக்கு இரண்டு சொற்களால் பெயரிடும் முறையை நிலைநாட்டிய கார்ல் லின்னேயஸிடம் நேரில் பயின்றார். பின்னர் ஐஸ்லாந்துக்குச் சென்று அங்குள்ள செடிகளைத் தேடினார். விரல் உயரம்கூட வளராத ஒரு குளிர்நிலப் பூண்டை அவர் அங்கே கண்டெடுக்க, ஆசிரியர் அதற்கு மாணவரின் பெயரையே சூட்டி 'கோனிகியா' என்றார். 1768இல் கோனிக் மிஷனின் வைத்தியராகத் தரங்கம்பாடிக்கு வந்தார். இங்கிருந்து அவர் ஐரோப்பாவுக்கு அனுப்பிய செடிகளில் நம் கறிவேப்பிலையும் ஒன்று. 1771இல் லின்னேயஸ் தம் நூலொன்றில் அதனைச் சேர்த்தபோது, அதற்கும் கோனிக்கின் பெயரை இட்டார். ஐஸ்லாந்தின் சிறு பூண்டும் தமிழ் அடுக்களையின் இலையும் இவ்விதமாய் ஒரே மனிதரின் பெயரைத் தாங்கி நிற்கின்றன.

ஒரு செடியை அக்காலத்தில் எவ்வாறு அடையாளம் கண்டார்கள் என்று நீங்கள் கேட்கலாம். நாம் இலையைப் பார்த்துப் பெயர் சொல்லுகிறோம். நம் முன்னோரும் இலையைப் பார்த்தே, வேப்பிலையை ஒத்ததும் கறிக்கு உதவுவதுமான இதற்குக் கறிவேப்பிலை என்று பெயரிட்டார்கள். லின்னேயஸின் மாணவர்களோ பூவைத் திறந்து பார்த்தார்கள். நீங்களும் பார்க்கலாம். கிளை நுனியில் கொத்தாய்ப் பூக்கும் அந்தச் சிறு வெள்ளைப் பூவில் ஐந்து இதழ்கள் உண்டு. நெட்டையும் குட்டையும் மாறிமாறிப் பத்து மகரந்தத் தாள்கள் உண்டு. நடுவே ஒரே சூல்தண்டு நிற்கும். அந்த எண்ணிக்கையைக் கொண்டே அதற்குரிய வகுப்பை வரையறுத்தார்கள்.

இலையிலும் சாட்சி இருக்கிறது. வேம்பின் சிற்றிலையோரம் அரத்தின் பற்களைப்போல் வெட்டுண்டிருக்கும். கறிவேப்பிலையின் ஓரம் ஏறத்தாழ வழவழப்பாயிருக்கும். கறிவேப்பிலையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் ஊசி குத்தியதுபோன்ற நுண்புள்ளிகள் தெரியும். அவை மணமுள்ள எண்ணெய் தங்கும் இடங்கள். எலுமிச்சை, நாரத்தை, வில்வம் ஆகியவற்றின் இலைகளிலும் அவ்வாறே காணலாம். ஆகவே பெயரளவில் வேம்புக்கு உறவாகத் தோன்றும் இச்செடி, உண்மையில் எலுமிச்சையின் குடும்பத்தைச் சேர்ந்தது. எலுமிச்சையில் முட்டையிடும் வண்ணத்துப்பூச்சி உங்கள் கறிவேப்பிலைச் செடியையும் தேடி வருவதைப் பார்த்திருப்பீர்கள். நாம் புள்ளிகளைத் தேடி அறியும் உறவை அந்தப் பூச்சி எவரும் கற்பியாமலே அறிந்திருக்கிறது.

கோனிக் மிஷனில் நிலைத்திருக்கவில்லை. செடிகளைத் தேடும் பயணங்களுக்கு மிஷனின் சம்பளம் போதாமல், 1774இல் ஆற்காட்டு நவாபிடம் பணிக்குச் சென்றார். 1778இல் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் வேலையில் சேர்ந்து, சயாம், மலாக்கா வரை பயணம் செய்தார். 1785இல் காக்கிநாடாவுக்கு அருகே வயிற்றுக்கடுப்பினால் மரித்தார். ஆயினும் அவர் விதைத்தது தரங்கம்பாடியில் முளைத்தது. அவரிடம் செடிகளைக் கற்றவர்களில் இருவர் அபிஷேகம் பெற்ற போதகர்கள். ஒருவர் கிறிஸ்டோப் சாமுவேல் ஜான். கத்தாழை மீன் வகையொன்று இன்றும் 'ஜானியஸ்' என்று அவர் பெயரால் வழங்குகிறது. மற்றவர் யோஹான் பீட்டர் ராட்லர். 1776இல், தம் இருபத்தேழாம் வயதில் தரங்கம்பாடிக்கு வந்தவர்.

இவர்களும் நண்பர்கள் சிலரும் 'ஐக்கிய சகோதரர்' என்னும் பெயரில் ஒரு சிறு சங்கமாக இணைந்தார்கள். ஒருவர் கண்டதை மற்றவருக்கு அனுப்பி, கூடி ஆராய்ந்து, புதிய செடிக்குப் பெயர் முடிவு செய்தார்கள். அப்பெயரை அடுத்துத் தனி ஒருவரின் பெயரை எழுதாமல், 'நாங்கள் இட்டது' என்று பொருள்படும் ஒரு லத்தீன் சொல்லை எழுதினார்கள். பெருமை எவருக்கு என்று போட்டியிடும் உலகில், சகோதரர் ஒருமித்து 'நாங்கள்' என்று எழுதியது நம் சபைகளுக்கும் ஒரு நல்ல பாடம். அந்தச் சொல்லை நினைவில் வைத்திருங்கள். அதற்கு மறுபடியும் வருவோம்.

அன்பானவர்களே, இங்கே ஒரு நேர்மையான கேள்வி எழுகிறது. சுவிசேஷம் சொல்ல அனுப்பப்பட்டவர்கள் பூவின் தாள்களை எண்ணிக்கொண்டிருந்தது சரிதானா? தரங்கம்பாடி மிஷன் தளர்ந்துபோன காலமும் அதுவே. ஆத்துமாக்களைத் தேடவேண்டியவர்கள் செடிகளையும் சிப்பிகளையும் தேடிப்போனார்கள் என்று பின்வந்த சபை வரலாற்றாசிரியர்கள் சிலர் வருத்தத்தோடு குறை கூறியிருக்கிறார்கள். இக்குற்றச்சாட்டை எளிதாய்த் தள்ளிவிடக் கூடாது. எந்த நல்ல வேலையும் முதன்மையான வேலையின் இடத்தைப் பிடித்துக்கொள்ளக்கூடும்.

ஆயினும் நம் கையிலுள்ள தமிழ் வேதாகமத்தைத் திறந்து பாருங்கள். சகேயு ஏறியது காட்டத்தி மரம். நம் ஊர் அத்தியைப்போலவே அடிமரத்திலும் பெருங்கிளைகளிலும் கொத்துக்கொத்தாய்க் காய்க்கும் மரம் அது. யோனாவுக்கு நிழல் தந்தது, பழைய ஆங்கில வேதாகமத்தில் சுரைக்கொடி; நம் வேதாகமத்தில் ஆமணக்கு. பரிசேயர் தசமபாகம் கொடுத்தவற்றில் வெந்தயமும் சீரகமும் வருகின்றன. ஈசோப்புக்கு நிகராக நம் மண்ணின் பெயர் எதையும் வைக்காமல், அந்தச் சொல்லையே வைத்துக்கொண்டார்கள். அந்நிய நிலத்தின் செடியை நம் நிலத்தின் சொல்லால் அழைக்க வேண்டுமானால், இரண்டு நிலத்தின் செடிகளையும் அறிந்திருக்க வேண்டும். செடியை அறிவது மொழியை அறிவதின் ஒரு பகுதி. மொழியை அறிவது மனிதரை அறிவதின் வாசல்.

ராட்லரின் வாழ்க்கை இதற்குச் சாட்சி. அவர் பின்னாளில் சென்னை வேப்பேரிக்கு வந்து ஊழியம் செய்தார். இந்த நாட்டில் அறுபது ஆண்டுகள் வாழ்ந்து, 1836 ஜனவரியில், எண்பத்தாறாம் வயதில் மரித்தார். முதிர்வயதில் அவர் உழைத்தது தமிழ்–ஆங்கில அகராதி ஒன்றுக்காக. அதன் முதற்பகுதி 1834இல் வேப்பேரி மிஷன் அச்சுக்கூடத்தில் வெளியாயிற்று. அவர் மரித்தபின் மற்றவர்கள் அதனை 1841இல் நிறைவு செய்தார்கள். அவர்களுள் வேங்கடாசல முதலியாரும் ஒருவர். மரஞ்செடிகளின் தமிழ்ப் பெயர்களுக்கு எதிரே லத்தீன் பெயரையும் கொடுக்கும் அகராதி அது. செடியைத் தாளில் ஒட்டிப் பெயரெழுதிய கையும், சொல்லைத் தாளில் பதித்துப் பொருளெழுதிய கையும் ஒன்றே. அவர் உலர்த்திச் சேர்த்த செடிகள் வேப்பேரியிலிருந்து லண்டன் கிங்ஸ் கல்லூரிக்குச் சென்று, பிறகு 1870களில் கியூ தாவரத் தோட்டத்தைச் சேர்ந்தன.

அவருடைய பெயரையும் ஒரு மரத்துக்குச் சூட்டினார்கள். காயின்மேல் படரும் சிவந்த பொடியால் பட்டுக்குச் சாயமேற்ற உதவும் கபில மரத்தை, ராக்ஸ்பரோ என்னும் தாவரவியலாளர் 'ராட்லரா' என்று அழைத்தார். பிற்காலத்தில், அதற்கு முன்னரே இடப்பட்ட வேறொரு பெயர் உண்டு என்று கண்டறிந்து, அதனையே நிலைநாட்டினார்கள். ராட்லரின் பெயர் அம்மரத்தைவிட்டு விழுந்துபோயிற்று. மரமோ முன்போலவே காய்த்துக்கொண்டிருக்கிறது. மனிதர் நமக்குச் சூட்டும் பெயர் அவ்வளவே உறுதியானது.

இப்பொழுது அந்த 'நாங்கள்' என்னும் சொல்லுக்கு வருவோம். புதிதாய் வந்திறங்கிய கோனிக்கிடம் 'இது கறிவேப்பிலை' என்று முதலில் சொன்னவர் யார்? சமையற்காரராயிருக்கலாம்; வீட்டு வேலைக்கு வந்த ஒரு தாயாயிருக்கலாம்; நாட்டு வைத்தியராயிருக்கலாம். காட்டுக்கு வழிகாட்டியவர், மரமேறிப் பூவைப் பறித்தவர், மழைக்காலத்தில் பூஞ்சணம் பிடிக்காதபடி தாள்களை மாற்றி உலர்த்தியவர் ஆகியோர் இல்லாமல் அந்தத் தொகுப்புகள் உண்டாயிருக்க முடியாது. ஆனால் 'நாங்கள்' என்று எழுதிய பெருந்தன்மையுள்ள சகோதரர்கள்கூட, அச்சொல்லுக்குள் இவர்களைச் சேர்க்கவில்லை. வைத்தியரின் பெயர் இலையில் நிலைத்தது. அவருக்கு இலையின் பெயரைச் சொன்னவரோ கறிவேப்பிலையைப்போல ஓரத்தில் ஒதுக்கப்பட்டார்.

இதனை அந்நியரின் குறையாக மட்டும் எண்ணி நாம் தப்பித்துக்கொள்ளலாகாது. சில வாரங்களுக்கு முன், ஆலய வளாகத்தில் நிற்கும் மரங்களின் பெயரைக் கேட்டபோது, நம் ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளால் வேம்பையும் தென்னையையும் தாண்டிச் சொல்ல இயலவில்லை. புங்கையும் பூவரசும் அவர்களுக்கு வெறும் 'மரம்' ஆகியிருந்தன. அப்பொழுது, வளாகத்தைப் பெருக்கிச் சுத்தம் செய்யும் அம்மா துடைப்பத்தைச் சாய்த்துவைத்துவிட்டு, ஒவ்வொன்றையும் தொட்டுத் தொட்டுப் பெயர் சொன்னார்கள். மதிலோரத்தில் முளைத்திருந்த கீழாநெல்லியையும் குப்பைமேனியையும்கூட அவர்கள் விடவில்லை. இத்தனை ஆண்டுகளில் அவர்களிடம் அதை நாம் ஒருவரும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை.

சாலொமோனின் ஞானத்தைக் கூறும் வேதபகுதி, அவர் ஓங்கிய கேதுருவைப் பற்றியும், சுவரின் வெடிப்பில் தலைகாட்டும் ஈசோப்பைப் பற்றியும் பேசினார் என்று குறிப்பிடுகிறது (1 இராஜாக்கள் 4:33). நம் ஆண்டவரும், கவலையால் வாடியவர்களைக் காட்டுப் பூக்களை உற்றுப் பார்க்கும்படி அனுப்பினார். உற்றுப் பார்ப்பது நேரத்தை வீணாக்குவது அல்ல. சிறியதைக் கவனிக்கப் பழகிய கண்ணே சிறியவரையும் கவனிக்கும்.

ஆகவே இந்த வாரம் உங்களுக்கு ஒரு சிறு பயிற்சி. ஒரு கறிவேப்பிலைச் செடியை வளர்க்கத் தொடங்குங்கள். கறுத்துப் பழுத்த பழங்களைப் பறித்து, சதையைக் கழுவி நீக்கி, ஈரம் காயுமுன் விதையை ஊன்றுங்கள். காயவைத்துப் பத்திரப்படுத்தினால் விதை விரைவில் முளைக்கும் திறனை இழந்துவிடும். அல்லது பெரிய செடியின் அடியில் தானாய் எழும் வேர்க்கன்று ஒன்றை வேரோடு பெயர்த்து நடுங்கள். நல்ல வெயில் படும் இடமும் நீர் தேங்காத மண்ணும் போதும். தொடக்கத்தில் மெதுவாகவே வளரும், பொறுத்திருங்கள். நட்டபின், உங்கள் தெருவிலோ வீட்டிலோ உள்ள முதியவர் ஒருவரிடம், நீங்கள் அறியாத ஒரு செடியின் பெயரைக் கேட்டறியுங்கள். அதை ஒரு தாளில் எழுதுங்கள். அதன் கீழே, அப்பெயரை உங்களுக்குச் சொன்னவரின் பெயரையும் எழுதுங்கள். தரங்கம்பாடியில் விடுபட்டுப்போன அந்த ஒரு வரியை நாமாவது எழுதி வைப்போம்.

ஜெபம்: எங்களைப் பெயர் சொல்லி அழைத்த தேவனே, நீர் உண்டாக்கின சிறியவற்றைக் காணும் கண்களை எங்களுக்குத் தாரும். எங்களுக்குக் கற்றுக் கொடுத்தும் எங்களால் மறக்கப்பட்டவர்களை நீர் மறவாதிருக்கிறீர். நாங்களும் அவர்களை மறவாதிருக்க உதவிசெய்யும். இயேசுவின் நாமத்தில் ஜெபிக்கிறோம் பிதாவே, ஆமென்.