ட்ரோமெதமின்: முகப்பூச்சிலும் தடுப்பூசியிலும்

முகப்பூச்சு வாங்கும்போது உள்ளடக்கப் பட்டியலைப் படிப்பது என் வழக்கம். அதில் அடிக்கடி கண்ணில் படும் பெயர் ட்ரோமெதமின். ஆய்வுகூடங்களில் இதை 'ட்ரிஸ்' என்பார்கள். நீரில் எளிதில் கரையும் வெண்ணிற அமினோ அற்ககோல் இது.

கரைசலின் பி.எச். பெறுமானம் சட்டென மாறாமல் தாங்கிப் பிடிப்பதே இதன் வேலை. 7 முதல் 9 வரை நன்கு செயற்படுவதால் டி.என்.ஏ. ஆய்வுகளில் பெரிதும் பயன்படுகிறது. முகப்பூச்சில், அமிலத்தன்மையுள்ள காபோமரை நடுநிலையாக்கிக் கூழாகத் தடிக்கச் செய்கிறது.

2021இல், 5 முதல் 11 வயதுச் சிறுவர்களுக்கான பைசர் தடுப்பூசியில் இது சேர்க்கப்பட்டது. உடனே, 'மாரடைப்பை மறைக்க மருந்து கலந்திருக்கிறார்கள்' என்ற வதந்தி சமூக ஊடகங்களில் பரவியது. இதய சத்திரசிகிச்சையின்போது இரத்தத்தில் கூடும் அமிலத்தன்மையைக் குறைக்க இதை நாளத்தினூடாக ஏற்றுவதுண்டு. அங்கே அளவு கிராம் கணக்கில். தடுப்பூசியிலோ ஒரு மில்லிகிராமுக்கும் குறைவு. நோக்கமும் வேறு: தடுப்பூசி சாதாரண குளிர்சாதனப் பெட்டியில் 10 வாரங்கள் வரை கெடாதிருக்க வேண்டும்.

பாதி உண்மையில் முளைக்கும் வதந்திதான் பெற்றோரை அதிகம் பயமுறுத்துகிறது. ஆகவே பெயரை மட்டும் பார்க்காமல், எவ்வளவு, எதற்காக என்றும் கேட்போம்.